வாட்டம் இல்லாத தரை: வானூர்ப் பக்கம் மண்ணில் கட்டிய ஒரு யோகா கூடம்

எனக்குச் சோறு போட்டது சிமென்ட். விழுப்புரம், திண்டிவனம் சுற்று வட்டாரத்தில் இருபத்திரண்டு வருஷமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். கம்பி, சென்ட்ரிங், கலவை, இவ்வளவுதான் தெரியும். 2023 தீபாவளிக்கு வந்த அக்கா, வானூர்ப் பக்கம் தனக்கிருக்கும் ஒன்றேகால் ஏக்கரில் ஒரு யோகா கூடமும், வந்து தங்குகிறவர்களுக்கு இரண்டு குடிலும் கட்ட வேண்டும் என்றாள். சரி என்றேன். "ஒரு மூட்டை சிமென்ட்கூட உள்ள வரக் கூடாதுடா" என்றாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

வானூர்ப் பக்கம் மண் வீடு என்றாலே முதலில் ஆரோவில்தான் நினைவுக்கு வரும். அங்கே மண் கட்டுமானத்துக்கென்றே 1989 முதல் ஒரு நிறுவனம் இயங்குகிறது, ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட். அவர்கள் பரவலாக்கிய அழுத்த மண்கல் பற்றி எனக்கும் ஓரளவு தெரியும். செம்மண்ணோடு ஐந்து சதவீதம் போலச் சிமென்ட் சேர்த்து, கை எந்திரத்தில் அழுத்தி, நாலு வாரம் ஈரம் காயாமல் வைத்து எடுக்கிற கல் அது. அந்தக் கல்லில் கட்டியிருந்தால் என் வேலை பாதியாகியிருக்கும்; செங்கல் வேலை தெரிந்த எந்தக் கொத்தனாரும் கட்டிவிடுவார். ஆனால் அதிலும் சிமென்ட் இருக்கிறதே. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கூடமும் குடிலும் முழுக்கக் குழைத்த மண். குளியலறை, கழிப்பறை இரண்டும் அழுத்த மண்கல், உள்ளே சிமென்ட் பூச்சு, டைல்ஸ். தினமும் பத்துப் பேர் குளிக்கிற இடத்தில் மண்சுவர் வைத்துக் கொள்கையை நிரூபிக்க எனக்கு ஆசை இல்லை. இந்த வேலை முழுதிலும் அக்காவிடம் நான் ஜெயித்தது இது ஒன்றில்தான்.

மண்சுவர் வைக்கத் தெரிந்த கை கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. மரக்காணம் ரோட்டில் ஒரு கிராமத்தில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். வாலிபத்தில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சுவர் வைத்தவர், கடைசிச் சுவர் வைத்து முப்பது வருஷம் ஆகிறது என்றார். "நான் மம்பட்டி தூக்க மாட்டேன் தம்பி. ஒரு நாற்காலி போடு, உக்காந்து சொல்றேன்." நாற்காலி போட்டேன். பாதி நாள் அவர் அதில் உட்காரவே இல்லை.

பாய் விரித்துப் போட்ட பிளான்

நான் முதலில் போட்ட பிளான் முப்பதுக்கு இருபது. எதை வைத்துப் போட்டாய் என்று அக்கா கேட்டாள். பதினாறு பேர், ஒரு பாய் ஆறடிக்கு இரண்டடி, ஆக 192 சதுர அடி. நடுவில் நடக்க இடம் விட்டாலும் அறுநூறு தாராளம் என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த ஞாயிறு தன்னிடம் படிக்கிறவர்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு மனைக்கு வந்தாள். நான் கடப்பாரையும் கயிறும் சுண்ணாம்புப் பொடியுமாக நின்றேன். பாயை விரித்து வரிசையாக நிற்கவைத்து, கால் அகட்டித் திரிகோணாசனம் செய்யச் சொன்னாள். பக்கத்துப் பாய்க்காரரின் கை இவர் முகத்துக்கு நேராக வந்தது. படுத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டினால் ஆறடிப் பாய் எட்டடி ஆகிறது. அன்றைக்குப் பொடி போட்டுக் குறித்த அளவுதான் கடைசி வரை நின்றது: ஒருவருக்கு நாலடி அகலம், எட்டடி நீளம். எட்டு எட்டாக இரண்டு வரிசை, முன்னால் சொல்லிக் கொடுப்பவருக்கு ஆறடி, ஓரத்தில் நடக்க இரண்டடி. உள் அளவு முப்பத்துநாலுக்கு இருபத்திரண்டு, நடுவில் தூண் கிடையாது.

ஆட்கள் வடக்கு பார்த்து நிற்கிற மாதிரி வைத்தோம். கிழக்கு பார்த்து நிற்பதுதான் முறை என்று சொன்னவர்கள் உண்டு. காலை ஆறரைக்குக் கிழக்குச் சன்னலுக்கு எதிரே நின்று பாருங்கள், கண்ணைத் திறக்க முடியாது. அக்காவுக்கும் அதே அபிப்பிராயம்தான். "சூரிய நமஸ்காரம் வெளியில பண்ணிக்கலாம்" என்று முடித்துவிட்டாள்.

மண்

மேல்மண் ஒரு அடியை வழித்துத் தனியாகக் குவித்துவிட்டு, மனையின் தாழ்வான மூலையில் குட்டை ஒன்று வெட்டினோம். சுவருக்கான மண் அங்கிருந்துதான். பின்னால் அது மழைநீர்க் குட்டையாகிவிட்டது, ஆக மண்ணுக்குத் தனி விலை இல்லை. பரிசோதனை எளிமையானது. மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் வண்டல். களி மட்டும் மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாக வைத்திருக்கும். ஸ்கேலை வைத்து அளந்ததில் பாதிக்கு மேல் மணல், ஐந்தில் ஒரு பங்கு களி. பெரியவர் ஜாடியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டித் தோள் உயரத்திலிருந்து போட்டார். உருண்டை தட்டையானதே தவிரச் சிதறவில்லை. "மணல் கொஞ்சம் போடணும், அவ்ளோதான்" என்றார்.

எவ்வளவு என்பதை மூன்று மாதிரிக் கல் அறுத்துக் காயவைத்துப் பார்த்துக்கொண்டோம். மணல் சேர்க்காதது மூன்றாம் நாள் குறுக்கே பிளந்தது. மூன்று சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி மணலும் சாண் நீளம் நறுக்கிய வைக்கோலும் போட்டதில் கீறல் இல்லை. கரிசல் மண் மனைக்காரர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அந்த மண் ஈரத்தில் ஊதும், வெயிலில் பிளக்கும், சுவருக்கு ஆகாது.

மிதிப்பதுதான் பெரிய வேலை. மண்ணை முதல் நாளே நனைத்து ஊறப் போட்டு, மறுநாள் வைக்கோலைத் தூவி மிதிக்க வேண்டும். அக்காவின் மாணவர்கள் ஒரு ஞாயிறு ஆர்வத்தோடு வந்து நாற்பது நிமிஷம் மிதித்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். திங்களிலிருந்து சித்தாள்கள் ஆறு பேரும் ஒரு டிராக்டரும். டிராக்டர் சக்கரத்தை மண்மேல் முன்னும் பின்னும் ஓட்டினால் இருபது பேர் மிதி ஒரு மணி நேரத்தில் முடிகிறது. கடைசி மிதியை மட்டும் காலால் மிதிக்கச் சொன்னார் பெரியவர். கல்லும் வேரும் காலுக்குத்தான் தெரியும்.

அஸ்திவாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றடி வானம் (அஸ்திவாரப் பள்ளம்), கருங்கல், சுண்ணாம்புக் கலவை. பேஸ்மட்டம் ஒன்றரை அடி போதும் என்றேன். பெரியவர் குட்டையைத் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டடி என்றார். அந்த அரை அடிக்கு அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன். சுவரின் அடிவரிசை மண்ணில் உடைந்த கண்ணாடிச் சில்லைக் கலக்கச் சொன்னார், எலி வளை பறிக்காமலிருக்க.

சுவர் கனம் பதினாறு அங்குலம். 2024 மாசியில் ஆரம்பித்தோம். நாளைக்கு ஒன்றரை அடி உயரம், பிறகு அது காயும்வரை மூன்று நாள் காத்திருப்பு. எனக்கு அந்தக் காத்திருப்பு பழக்கமில்லை. நான் தளம் போட்டால் மறுநாளே மேலே செங்கல் ஏற்றுகிறவன். பெரியவர் பேத்தி கல்யாணத்துக்குப் போயிருந்த ஒரு நாள், வெயில் நன்றாக அடிக்கிறதே என்று தெற்குச் சுவரை ஒரே நாளில் மூன்றடி ஏற்றச் சொன்னேன். சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நடுவில் இரண்டு அங்குலத்துக்குத் தொப்பை. மேல் பாரம் தாங்காமல் கீழ் மண் பிதுங்கியிருந்தது. ராத்திரியோடு இன்னும் ஒரு அங்குலம் சேர்ந்தது. மறுநாள் பெரியவர் வந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மம்பட்டியை எடுத்தார். தூக்க மாட்டேன் என்றவர்தான். பதினெட்டு அடி நீளத்துக்கு இடித்து இறக்கி, அதே மண்ணைத் திரும்ப நனைத்து மிதித்து வைத்தோம். போனது மூன்று நாள் கூலி. பொருள் நஷ்டம் ஒரு ரூபாய்கூட இல்லை. கான்கிரீட்டில் இதே தப்பைச் செய்திருந்தால் உடைக்கவே தனி கம்ப்ரஸர் வந்திருக்கும். அன்றைக்குத்தான் இந்த மண்மேல் எனக்கு முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

சுவரில் தொங்குகிற பிரச்சினை

அக்கா கற்றுக்கொண்டது ஐயங்கார் முறை. புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் 1975இல் திறந்த நிலையத்து வழி. அதில் சுவரில் கொக்கி அடித்துக் கயிறு மாட்டி, இடுப்பைக் கயிற்றில் கொடுத்துத் தலைகீழாகத் தொங்குவது உண்டு. முதுகுவலிக்காரர்களுக்கு அதுதான் வேண்டும் என்பாள். மேற்குச் சுவரில் ஐந்து பேருக்குக் கொக்கி, தரையிலிருந்து மூன்றடியில் ஒரு வரிசை, ஏழடியில் ஒரு வரிசை. இந்தத் தகவல் என்னிடம் வந்து சேர்ந்தபோது சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது.

கான்கிரீட் சுவரென்றால் ஆங்கர் போல்ட் அடித்து ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பேன். மண்சுவரில் ஆணி அடித்தால் ஒரு காலண்டர் மாட்டலாம், அவ்வளவுதான். முதலில் மேற்குச் சுவருக்குள் இரண்டடி நீள வேப்பங்கட்டைகளைக் குறுக்கே புதைத்து, அதில் கொக்கி திருகினோம். காய்ந்த பிறகு நானே கயிற்றில் தொங்கிப் பார்த்தேன். என் எடை எண்பத்திரண்டு. முதல் தடவை தாங்கியது. ஆடிப் பார்த்தபோது கட்டையைச் சுற்றி மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த யோசனை, வேலிக்கு நடுகிற கருங்கல் கால்களைச் சுவருக்குள் நிறுத்துவது. மாதிரிக்கு ஒன்று வைத்தோம். மண் காயும்போது கீழே இறங்குகிறது, கல் இறங்குமா? பத்தே நாளில் கல்லின் இரண்டு பக்கமும் கோடு போட்டதுபோல மேலிருந்து கீழே வெடிப்பு. இந்த வேலையில் நான் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்ட இடம் இதுதான். மண் தனியாக நிற்கும்வரை ஒரு வம்பும் இல்லை. அது மரத்தையோ கல்லையோ கம்பியையோ தொடுகிற விளிம்பில்தான் எல்லாக் கோளாறும்.

அப்படியானால் தொடாமலே வைத்தால் என்ன? சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, ஆறு பனந்தூண்களை அஸ்திவாரக் கல்லுக்குள் இரண்டரை அடி இறக்கி நிறுத்தினோம். தூண்களுக்குக் குறுக்கே மூன்றடியிலும் ஏழடியிலும் பனஞ்சட்டம், போல்ட் போட்டு இறுக்கியது. தூண் தலையை மேலே கூரை உத்தரத்தோடு கட்டினோம். கொக்கி எல்லாம் சட்டத்தில். சுவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பனை புதிதாக வெட்டியது அல்ல; பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இலேயே அரசு அறிவித்துவிட்டது. பழைய வீடு இடித்த இடத்தில் கிடைத்த, வைரம் பாய்ந்து கறுத்த மரம். துளை போடும்போது டிரில் பிட் இரண்டு உடைந்தது. இப்போது ஐந்து பேர் ஒரே நேரத்தில் தொங்குகிறார்கள். சுவரில் ஒரு கீறல் கிடையாது.

கூரைக்கு, இடித்த அரிசி மில் குடோன் ஒன்றின் தேக்குச் சட்டகம் ஐந்து கிடைத்தது. இருபத்திரண்டு அடி அகலத்தை நடுத்தூண் இல்லாமல் தாண்ட அதுதான் வழி. மேலே பழைய சீமை ஓடு. தாவாரத்தை நாலு பக்கமும் மூன்றடி வெளியே இழுத்தோம். ஓட்டுக்கு அடியில் மூங்கில் தட்டி வேண்டும் என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தாள். சவாசனத்தில் பத்து நிமிஷம் மல்லாந்து படுத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கூடத்தில் கண்ணில் படுகிற ஒரே சுவர் மேல்கூரைதான் என்றாள். நியாயம்தான்.

மூங்கிலில் மாவுச்சத்து இருக்கும்வரை வண்டு விடாது. வெட்டிய மூங்கில் சிம்புகளைத் தார்ப்பாய் விரித்த தொட்டியில் ஊறப் போட்டோம்: நூறு லிட்டர் தண்ணீருக்குப் போராக்ஸ் என்கிற வெண்காரம் மூன்று கிலோ, போரிக் அமிலம் இரண்டு கிலோ, நாலு நாள். பிறகு நிழலில் காயவைத்துத் தட்டி பின்னியது. கடைசியில் வடகிழக்கு மூலைக்கு ஐந்து தட்டி குறைந்தது. நேரமில்லை என்று கடையில் பின்னி வைத்திருந்ததை வாங்கி மாட்டிவிட்டேன். இதன் பலன் பின்னால் வருகிறது.

கடுக்காய்த் தண்ணீர்

வெளிப்பூச்சு சுண்ணாம்பு. மண்சுவர்மேல் சிமென்ட் பூசக் கூடாது என்பது கேள்விப்பட்டதுதான், காரணம் அப்போதுதான் உறைத்தது. மண் ஈரத்தை இழுக்கும், விடும். சிமென்ட் தோல் அதை விடவிடாமல் மூடிவைக்கும். உள்ளே நின்ற ஈரம் ஒரு நாள் பூச்சையே பலகை பலகையாகத் தள்ளிவிடும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பை டிரம்மில் தண்ணீர் விட்டு நீற்றியபோது ஆட்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அடுப்பில்லாமலே கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. நீற்றியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி ஐந்து வாரம் மூடிவைத்தோம். வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு டிரம்மில் இடித்த கடுக்காயும் கருப்பட்டியும் ஊறியது. பத்தாம் நாளிலிருந்து சைட் முழுக்கக் கள்ளுக்கடை வாசம். அந்த வழியாகப் போன ஒருவர் நின்று, "எவ்ளோ லிட்டர் இருக்கு?" என்று ரகசியமாக விசாரித்துவிட்டுப் போனார். எறும்புதான் நிஜமான தொல்லை. டிரம்மின் காலைத் தண்ணீர்த் தட்டில் வைக்க வேண்டியதாயிற்று.

சுவரை முதலில் கொத்திவிட்டு, நனைத்து, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டரை, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த கலவை. இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாகக் கல்லாகிற பொருள். வெயிலில் சட்டென்று காய்ந்துவிட்டால் பொரிந்து உதிரும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு வாரம் காப்பாற்றினோம். உள்பக்கம் வெறும் மண்பூச்சுதான், உமியும் சாணியும் கலந்தது. வயரிங் முழுக்கச் சுவருக்கு வெளியே மரப்பட்டியில் போகிறது, என் தாத்தா காலத்து வீடு மாதிரி.

தரை

குடிலில் சாணி மெழுகிய மண்தரை நன்றாக வந்ததால் கூடத்துக்கும் அதையே நினைத்தோம். அக்கா ஒரு வாரம் குடிலில் பாய் போட்டுப் பயிற்சி செய்து பார்த்தாள். பாயின் அடிப்பக்கமெல்லாம் சிவப்பு. கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்துகிற அதோமுக ஸ்வானாசனத்தில் வியர்த்த உள்ளங்கை பாயை விட்டு ஒரு அங்குலம் வெளியே போனால் சேறு. எனவே கூடத்துக்குச் சுண்ணாம்புத் தரை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் நாலு அங்குலம் கொட்டி, திமிசுக் கட்டையால் மூன்று நாள் இடித்து, மேலே சுண்ணாம்பும் சலித்த செங்கல் தூளும் காவியும் கலந்த முக்கால் அங்குலப் பூச்சு. செங்கல் தூள் சேர்ந்தால் சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். பிறகு பெண்கள் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து கூழாங்கல்லால் தேய்த்தார்கள். நாலாம் நாள் சன்னலின் நிழல் தரையில் தெரிந்தது.

முதல்நாள் அக்கா நடுவில் ஒற்றைக் காலில் நிற்கிற விருக்ஷாசனம் செய்தாள். வலது கால் நின்றது. இடது காலில் நின்றபோது தடுமாறினாள். இரண்டடி தள்ளி நின்றாள், மறுபடியும் தடுமாற்றம். திரும்பி நின்றாள், இப்போது வலது கால் தடுமாறியது.

"தரை சாய்ஞ்சிருக்குடா."

"சாயல. ரசமட்டம் வச்சுதான் போட்டோம்."

"உன் ரசமட்டம் வேணாம். என் கணுக்கால் சொல்லுது."

டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூலையிலும் பிடித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு அடியில் ஒன்றேகால் அங்குலம், வாசலைப் பார்த்து. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவர் விழிக்கிறார்: "ஆமா சார், வாட்டம் குடுத்திருக்கேன். கழுவி விட்டா தண்ணி போகணும்ல?"

அவர்மேல் தப்பே இல்லை. இருபது வருஷமாக எந்தத் தரைக்கும் வாட்டம் வைக்கச் சொல்லி அவரைப் பழக்கியது நான்தான். வாட்டம் இல்லாத தரையை வேலை தெரியாதவன் போட்டது என்போம். ஒற்றைக் காலில் நிற்கிறவர்களுக்கான தரைக்கு அது ஆகாது என்று பிளானில் ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. மேல்பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தோம். தேய்த்த பெண்களிடம் சொல்லும்போது எனக்கு முகமே இல்லை. இரண்டாம் தடவை ஐந்தடிக்கு ஒரு மட்டப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றையும் டியூப் மட்டத்தில் சரிபார்த்துப் பூசினோம். இப்போது மூலைக்கு மூலை ஒரு நூல் வித்தியாசம்கூடக் கிடையாது. கழுவிவிட முடியாது, துடைக்கத்தான் வேண்டும்.

2024 விஜயதசமிக்குத் திறந்தோம். ஏழு வாரத்தில் ஃபெஞ்சல் வந்தது.

நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய புயல், நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல், எங்கள் பக்கம் மயிலத்தில் 50 செ.மீ. பாதி வருஷ மழை ஒரு நாளில். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மண்சுவர், மேலே பழைய ஓடு, அதற்குள் அக்கா. போன் எடுக்கவில்லை. டிசம்பர் 2ஆம் தேதி மத்தியானம்தான் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர முடிந்தது. குட்டை நிரம்பி மனை முழுக்கத் தண்ணீர். கூடத்தின் பேஸ்மட்டத்தில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. தரையிலிருந்து அளந்தேன்: ஒன்றரை அடிக்கு ஒரு அங்குலம் மேலே. பெரியவர் கேட்ட அந்த அரை அடிக்குள்தான் சுவர் பிழைத்திருந்தது.

ஓடு பதினேழு பறந்திருந்தது. சுண்ணாம்புப் பூச்சு மூன்று பக்கமும் அப்படியே. வடக்குச் சுவரில் இரண்டு சன்னலுக்குக் கீழே மட்டும் முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, உள்மண் ஒரு கை ஆழம் கரைந்து போயிருந்தது. முதலில் காற்றடித்த சாரல் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் மற்ற சன்னல்களுக்கும் அல்லவா ஆகியிருக்க வேண்டும்? குனிந்து சன்னல்கட்டையின் கடப்பா கல்லுக்கு அடியில் விரலை விட்டபோது விஷயம் புரிந்தது. கல்லின் மேல் விழுந்த தண்ணீர் விளிம்பில் சொட்டாமல், அடிப்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு திரும்பிச் சுவருக்குள் போயிருக்கிறது. கான்கிரீட் சன்ஷேடுக்கு அடியில் ஒரு காடி (சின்னப் பள்ளக்கோடு) விடாமல் நான் பலகை பிரித்ததே கிடையாது, தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டாமல் சொட்டிவிடும். கடப்பா கல்லில் அதை வெட்ட மறந்திருக்கிறேன். பதினொரு சன்னலிலும். மழை நேராக அடித்த இரண்டு மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டன.

கரைந்த இடத்தில் உடனே கைவைக்க வேண்டாம் என்றார் பெரியவர். மூன்று வாரம் காயவிட்டு, தளர்ந்த மண்ணைச் சுரண்டி, ஓரத்தை நனைத்து, அதே குட்டை மண்ணைக் குழைத்து உருண்டை உருண்டையாக அடித்து ஏற்றினோம். பொங்கலுக்குள் சுண்ணாம்பும் பூசியாயிற்று. ஒட்டுப் போட்ட இடம் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது.

பொங்கல் கழிந்து வகுப்பு மறுபடி தொடங்கிய வாரம் அக்காவிடமிருந்து போன். சவாசனத்தில் படுத்திருந்த ஒரு அம்மாவின் நெற்றியில் மஞ்சள் பொடி உதிர்ந்திருக்கிறது. அவர் அதை ஏதோ பிரசாதம் என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாராம். வடகிழக்கு மூலை, நான் கடையில் வாங்கி மாட்டிய அதே ஐந்து தட்டி. தட்டினால் சல்லடையாகத் துளை. உளுத்துப்போன மாவு மழை மாதிரி கொட்டியது. பக்கத்தில் போராக்ஸில் ஊறிய தட்டியில் ஒரு துளை இல்லை. ஐந்தையும் கழற்றி எரித்துவிட்டு, ஊறப் போட்ட சிம்பில் புதிதாகப் பின்னி மாட்டினோம்.

வெயில் காலக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே 39, கூடத்துக்குள் 32. ஃபேன் போதும். ஆனால் ராத்திரி ஏழரை மணி வகுப்பில் நிலைமை தலைகீழ். பதினாறு அங்குல மண் பகலெல்லாம் குடித்த சூட்டை அப்போதுதான் உள்ளே விடுகிறது. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மேற்குச் சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் முதுகு. கயிற்றில் தொங்குகிறவர்கள் அந்தச் சுவரை ஒட்டித்தான் தொங்குகிறார்கள். மண் வீடு குளுகுளு என்று எழுதுகிறவர்கள் இதை ஏன் எழுதுவதில்லை என்று தெரியவில்லை. மேற்குச் சுவருக்கு வெளியே சவுக்குக் கழி நட்டுக் கீற்றுப் பந்தல் போட்டதும் பாதி குறைந்தது. மீதிக்கு அக்கா மே மாதம் மட்டும் ராத்திரி வகுப்பை மரத்தடிக்கு மாற்றிவிட்டாள்.

செலவு சதுர அடிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் சொச்சம் வந்தது, தரையை இரண்டு தடவை போட்டதையும் சேர்த்து. என் வழக்கமான கான்கிரீட் வேலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. வித்தியாசம் என்னவென்றால் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு கூலியாகவே போனது. மண் வீடு மலிவு என்று நினைத்து யாரும் இறங்க வேண்டாம்.

சன்னல்கட்டைக்குக் காடி வெட்டும் வேலை இன்னும் முடியவில்லை. கட்டின இடத்தில் கல்லுக்கு அடியில் கிரைண்டரைச் சாய்த்துப் பிடித்து வெட்ட வேண்டும். சத்தமும் தூசியும் சொல்லி மாளாது. வகுப்பு இருக்கும்போது அக்கா கிரைண்டரை பிளக்கில் சொருகவே விடமாட்டாள். ஏழு முடிந்திருக்கிறது. மீதி நாலுக்கும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை நேரம் ஒதுக்கியிருக்கிறாள். ஐப்பசிக்குள் முடித்தாக வேண்டும்.